முருகம்மாளின் தாலிக்காசு

கோச்சடை ஹாலாஸ்யத்துக்கு உயிரோடு இருக்கும் மனிதர்களைவிட, செத்து இரண்டாயிரம் வருஷமான ரோமாபுரி மன்னர்களோடுதான் பழக்கம் அதிகம். வைகை மணலைச் சலிப்பவர்கள் சிம்மக்கல் பழைய சாமான் கடையில் கொண்டுவந்து போடும் செப்புக்காசுகளைப் பொறுக்கி வருவார். புளியங்கொட்டை அளவு இருக்கும், பாதி தேய்ந்திருக்கும். லென்ஸை வைத்துக்கொண்டு மூக்கைத் தேடுவார், தாடியைத் தேடுவார். "வீட்டு வாடகை குடுக்காத ராஜாக்கள்" என்பாள் மனைவி பட்டு. ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்த ராஜாக்கள் இரும்புப் பீரோ முழுக்கக் குடியேறிவிட்டார்கள்.

தங்கக்காசு மட்டும் அவர் கைக்கு வரவேயில்லை. காசுகள் வைக்கும் பெட்டியில் சிவப்பு வெல்வெட் துணியில் அதற்கென்று ஒரு குழி வைத்து, காலியாகவே வைத்திருந்தார்.

அவனியாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து அவர் தெருவில் கீரை விற்கிறவள் முருகம்மாள். ஒருநாள் காலை அவள் குனிந்து கூடையை இறக்கும்போது தாலிக்கயிறு வெளியே வந்து விழுந்தது. தாலிக்குப் பக்கத்தில் ஒரு தங்கக்காசு. கூர்மூக்கு, நெற்றியைச் சுற்றி இலைமாலை. ரோமாபுரி மன்னன் திபேரியஸ்! ஹாலாஸ்யத்தின் கை லென்ஸைத் தேடியது.

"அது என்ன காசும்மா?"

"எங்க மாமனாரு கெணறு வெட்டப் போன எடத்துல கெடச்சது சார். காசுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா பூவோட உக்காந்திருக்கும். மீனாட்சிம்பாக. மொதல்ல மாமியா கழுத்துல கெடந்துச்சு, இப்ப எங்கழுத்துல."

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது ரோமாபுரித் தேவதை என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. "கழற்றிக் காட்டு" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. சுமங்கலியிடம் கேட்கிற கேள்வியா அது? அவர் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, அவளே சொன்னாள்: "அவரு இருக்கற வரைக்கும் இது கழுத்தை விட்டு எறங்காது சார்."

அவர் என்பது அவள் புருஷன் ஆண்டிச்சாமி. லோடுமேன். மூட்டையோடு லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் கிடந்தார்.

மறுநாள் காலை ஹாலாஸ்யம் கேட்டருகே வந்து நின்று கேட்டார். "ஆண்டிச்சாமி எப்படி இருக்கார்?"

அதற்கு மறுநாளும் கேட்டார். பிறகு தினமும். நல்ல மனிதர், என்ன அக்கறை என்று தெருவே மெச்சியது. உள்ளே நடந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். "இழுத்துக்கிட்டுக் கெடக்காரு சார்" என்றால் நெஞ்சு படபடக்கும். "நேத்து நல்லாச் சாப்பிட்டாரு" என்றால், சின்னதாக ஓர் ஏமாற்றம் வந்து உட்காரும். அதை மறைக்க இன்னொரு கட்டுக் கீரை வாங்குவார். "நாம என்ன ஆடா மாடா, தினம் கீரை திங்க?" என்று பட்டு சத்தம் போடுவாள். ஒரு மனிதன் சாவதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும் கேட்டார். வருஷக்கணக்கில் கேட்டார்.

ஒரு மாசியில் முருகம்மாள் வரவில்லை. ஆண்டிச்சாமி போய்விட்டார் என்று பூக்காரர் சங்கிலி வந்து சொன்னார். ஹாலாஸ்யத்துக்கு முதலில் வந்த நினைப்பு, தாலியை என்றைக்கு இறக்குவார்கள் என்பதுதான். அடுத்த நிமிஷமே தன்னை நினைத்து அவருக்குப் பயம் வந்துவிட்டது. துக்கம் கேட்கப் போகக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை. வெல்வெட் பெட்டியைத் திறக்காமலே இருந்தார்.

கருமாதி எல்லாம் முடிந்து முருகம்மாள் மறுபடி கூடையோடு வந்தாள். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஹாலாஸ்யத்தின் கண் அவள் கழுத்துக்குப் போயிற்று. வெறும் கழுத்து. அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை.

"முருகம்மா, ஒண்ணு சொல்லணும். நான் இத்தனை நாளா அவரை விசாரிச்சது அவருக்காக இல்லை. உன் கழுத்துல இருந்த அந்தக் காசுக்காக."

"தெரியும் சார்."

அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஆம்பள கண்ணு எங்க நிக்குதுன்னு பொம்பளைக்குத் தெரியாதா? மொதல்ல வேற மாதிரி நெனச்சு, இந்தத் தெருவே வேணாம்னு இருந்தேன். அப்புறம்தான் காசுன்னு வெளங்குச்சு. அவருகிட்டயும் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சாரு. 'இருக்கேனா செத்தேனான்னு கூடப்பொறந்தவனே எட்டிப் பாக்கல. எதுக்காகக் கேட்டா என்ன, ஒரு மனுசன் தெனம் கேக்குறாருல்ல, கேக்கட்டும் விடு'ன்னாரு. சாயங்காலம் நான் உள்ள நொழைஞ்சதும், 'சார் இன்னைக்குக் கேட்டாரா?'ம்பாரு. கேட்டாருன்னா ஒரு வாய் சேத்துத் திம்பாரு. நீங்க ஊருக்குப் போன நாள்லயெல்லாம், கேட்டாருன்னு நான் பொய்தான் சொல்லுவேன்."

ஹாலாஸ்யம் கேட்டைத் திறந்து வெளியே வந்தார்.

"காசு என் மக பாண்டிச்செல்வி தாலியில சேந்துருச்சு சார். கோவிச்சுக்காதீக. அவரு சொல்லிட்டுப் போனது."

அவள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "செத்த தூக்கிவிடுங்க சார், வெயில் ஏறுது."

அவர் மறுபக்கம் பிடித்துத் தூக்கினார். கண்ணீரில் அவளுடைய முகம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.