சட்டத்துக்குக் கீழே ஒரு கை

அழகுசுந்தரத்தோடு பதினோரு வருடம் ஒரே பஸ்ஸில் ஓடியவன் நான். காரைக்குடி–சிவகங்கை வண்டி. ஸ்டியரிங் என்னிடம், விசில் அவரிடம். டிரைவரும் கண்டக்டரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று டிப்போவில் கேலி பேசுவார்கள். புருஷன் பெண்டாட்டி அவ்வளவு பேசிக்கொள்வார்கள் என்று அவர்களுக்கு யார் சொன்னது? அழகுசுந்தரம் தன் மனைவி நாகஜோதியிடம் பேசியதைவிட என்னிடம் நூறு மடங்கு பேசியிருக்கிறார். பெருமைக்குச் சொல்லவில்லை. அவருக்கே அது பெரிய குறைதான், ஆனால் அதைக் குறை என்று கண்டுபிடிக்க அவருக்கு அறுபத்தொரு வயது ஆனது.

ஆள் நல்ல கண்டக்டர். மெஷின் வருவதற்கு முந்தி, டிக்கெட் கட்டு வைத்திருந்த காலத்தில், உள்விளக்கு எரியாத வண்டியில்கூட அவர் கை தடுமாறாது. கண் படிக்கட்டில் தொங்குகிறவனை அதட்டிக்கொண்டிருக்கும், வாய் அடுத்த நிறுத்தத்தைக் கூவும், விரல் தன்பாட்டுக்குச் சரியான டிக்கெட்டைத் தடவி எடுத்துக் கிழிக்கும். எனக்கு அப்படி ஒரு கை கிடையாது. நான் கண்ணால் பிழைத்தவன்.

போன வருடம் ரிடையர் ஆனார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, கழனிவாசலில் இருக்கும் அவர் வீடு வரைக்கும் காரில் கொண்டுபோய் இறக்கினோம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் மனுஷன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். டைம் கீப்பர் அறை வாசலில் நின்று, புறப்படுகிற வண்டிக்கெல்லாம் கையை ஆட்டி ரைட் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. "வீட்டுல இருக்க முடியலையா கண்டக்டரே?" என்று கேட்டேன்.

"வீட்டுல எனக்கு என்ன வேலை? அவ பாட்டுக்கு அவ கட்டம் எண்ணிக்கிட்டிருக்கா" என்றார்.

கட்டம் என்று அவர் சொன்னது கிராஸ் ஸ்டிச்சை, கட்டம் எண்ணி நூலால் படம் போடும் தையலை. நாகஜோதிக்கு அது பள்ளிக்கூட நாளில் பழகிய வேலை. புருஷன் ஒருநாள் விட்டு ஒருநாள் டூட்டியில் போன முப்பத்திரண்டு வருடத்தை அவர் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் ஊசி குத்தியே கழித்தார் என்று சொல்லலாம். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் நிவேதா புது வீடு கட்டுகிறாள், தை மாதம் குடிபுகுகிறாள். அந்த வீட்டு வரவேற்பறைக்குத் திருக்கோஷ்டியூர்க் கோயில் விமானத்தைத் தைத்துத் தருவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். மகளே ஒரு போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கட்டம் கட்டமாக மாற்றி அனுப்பினாள். படத்தில் பாதி விமானம், பாதி வெறும் வானம். சித்திரையில் வானத்தின் மேல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தவர், ஆவணிக்குள் முக்கால் வானத்தை முடித்துவிட்டார். ஒரே நீல நூல், நாலு மாதம். அந்தப் பொறுமை எனக்கு இருந்தால் நான் சிக்னலில் யாரையும் திட்டியிருக்க மாட்டேன்.

ஆவணிக் கடைசியில், மொட்டைமாடிக் குழாயடியில் நாகஜோதி பாசி வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. முழங்கை வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

இரண்டு நாள்தான் பொறுத்தார். பிறகு சும்மா இருக்க முடியவில்லை. துணியைச் சதுரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் பாலம் போல வைத்து, இடது கையால் குத்திப் பார்த்தார். ஊசி கீழே போனது. கீழே போன ஊசியை மேலே அனுப்பக் கை இல்லை. இடது கையையே கீழே கொண்டுபோய், ஊசியைத் தேடி, குத்தி, திரும்ப மேலே வந்து இழுத்தார். ஒரு தையலுக்கு ஒரு நிமிடம் ஆனது. நாலாவது தையலில் ஊசி தரையில் விழுந்து உருண்டது. அழகுசுந்தரம் குனிந்து எடுத்துக் கொடுத்தார். ஐந்தாவதிலும் விழுந்தது. ஏழாவது தடவை எடுத்தபோது அவர் நிமிரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, "நீ மேல இருந்து குத்து, நான் கீழ இருந்து அனுப்புறேன்" என்றாராம்.

இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் டீயைத் துப்பிவிட்டேன். "என்னய்யா, கடைசியில பாவாடைக்குப் பூப்போட ஆரம்பிச்சுட்டீரா?" என்றேன். டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வலது கை விரல்களை நீட்டிக் காட்டினார். நுனியெல்லாம் பொடிப்பொடியாகக் குத்துப் புள்ளி.

"மேல இருக்கிறவளுக்குக் கண்ணு இருக்கு டிரைவரே. கீழ ஒண்ணும் தெரியாது. எந்த ஓட்டைன்னு தடவித்தான் கண்டுபிடிக்கணும். மூணு நாள் அவகிட்ட அவ்வளவு திட்டு வாங்குனேன். இப்ப விரலுக்குத் தெரிஞ்சு போச்சு."

நம்பாமல்தான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். நாகஜோதி நாற்காலியில், மாவுக்கட்டுப் போட்ட கை மடியில். அழகுசுந்தரம் தரையில் ஒருக்களித்து, தோள்வரை சட்டத்துக்குக் கீழே. பஞ்சர் பார்க்கிறவன் வண்டிக்கு அடியில் கிடப்பது போல இருந்தது. மேலே ஊசி இறங்கும், கீழே ஒரு நொடி நிற்கும், அடுத்த ஓட்டை வழியாக மேலே எட்டிப் பார்க்கும், நாகஜோதியின் இடது கை அதைப் பிடித்து இழுக்கும்.

"விடுங்க."

"வருது பாரு."

"ஒரு ஓட்ட தள்ளி வந்துட்டீக. அங்குட்டு."

"இதா?"

"ம். அதேதான்."

இந்த நாலு வார்த்தைதான் திரும்பத் திரும்ப. ஆனால் நடுவில் நூல் மாற்றும்போதும் கட்டம் எண்ணும்போதும் வேறு பேச்சு வந்தது. கண்டரமாணிக்கத்தில் விற்ற வயல், நிவேதாவுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல், அன்றைக்கு இவர் டூட்டியில் போனது. அதைக் கோபம் இல்லாமல்தான் சொன்னார் நாகஜோதி. "அன்னைக்கு எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். கீழே கை நின்றது. ஊசி வர நேரமானது. ஓட்டை கிடைக்காமல் நிற்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அங்கே மூன்றாவது ஆளுக்கு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம் பஸ் ஸ்டாண்டில் அகப்பட்டார். மருந்து வாங்க வந்திருந்தார். கேட்காமலே சொன்னார்: "கட்டப் பிரிக்கிற நாளு வரவே கூடாதுன்னு நெனைக்கிறேன் டிரைவரே. பாவம்தானே அது? கை ஒடிஞ்சு கெடக்கா, அவ சீக்கிரம் நல்லாகக் கூடாதுன்னு புருஷன் நெனைக்கிறான். எவனாவது நெனைப்பானா?"

நான் ஹார்ன் அடித்து வண்டியை எடுத்துவிட்டேன்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வலது கை மெலிந்து, சொன்னபடி கேட்காமல் இருந்தது. தினமும் பந்தை அமுக்கச் சொன்னார் டாக்டர். பந்தை அமுக்கியது இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் நாகஜோதி சட்டத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். பழைய பழக்கத்தில் வலது கையை மேலே வைத்து, இடதைக் கீழே விட்டார். இடது கை கீழே திணறியது. அப்புறம் மாற்றி வைத்தார். ஆறு வாரம் மேலே பழகிய இடது கை மேலேயே இருந்தது. ஆயுசு முழுக்கத் தைத்த வலது கை, பார்க்காமலே தெரிந்த கை, இருட்டுக்குள் இறங்கியது. பத்து நாளில் ஊசி மேலும் கீழுமாக ஓட ஆரம்பித்தது. சட்டத்தைப் பிடிக்க வேண்டியதில்லை, கையைப் புரட்ட வேண்டியதில்லை. ஒத்தைக் கையால் ஒரு மணி நேரத்தில் போட்டதை இப்போது அரை மணியில் போட்டார். இத்தனை வருடம் ஒரு கையைச் சட்டம் பிடிக்கவே வீணாக்கியிருக்கிறேனே என்று ஆச்சரியப்பட்டாராம்.

அழகுசுந்தரத்துக்குத் தரையில் உட்கார வேலை இல்லாமல் போனது. இரண்டு நாள் பக்கத்திலேயே நின்றார். "நூலு மாத்தணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றார் நாகஜோதி, கட்டம் எண்ணும் கவனத்தில். மூன்றாம் நாள் காலை டைம் கீப்பர் அறை வாசலில் நின்று என் வண்டிக்கு ரைட் கொடுத்தார். நான் கையை ஆட்டவில்லை. எனக்கு மனசு சரியில்லை.

அடுத்த மாதம் எனக்கும் ரிடையர்மென்ட். அழைப்பிதழ் கொடுக்க ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அழகுசுந்தரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாகஜோதி துணியோடு சட்டத்தைத் தூக்கி ஜன்னல் வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சரியாக இல்லை.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. வானம் ஒரே மாதிரியா இருக்கு?"

எனக்குத் துணி தெரியாது, ஆனால் கண் உண்டு. வானத்தின் மேல்பகுதி ஒரு நீலம், கீழ்பகுதி வேறு நீலம். மழைக்கு முந்திய வானம் போல நடுவில் ஒரு கோடு.

"நூலு மாறிருச்சா தங்கச்சி?"

"நூலு அதேதாண்ணே. சாய்வு மாறிருக்கு" என்று துணியில் விரல் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெருக்கல் குறி. அதில் மேலே கிடக்கும் இழை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும். வலது கையால் போட்டவரை அது வலது பக்கம் சாய்ந்திருந்தது. இடது கையால் போடும்போது கை மறைக்கிறதென்று வரிசையை எதிர்முனையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார், இழை இடது பக்கம் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்ததில் தெரியவில்லை. வெயில் பட்டதும் காட்டிக்கொடுத்துவிட்டது.

"பிரிக்கணும். கைக்கட்டுப் போட்டிருந்தப்பப் போட்டது பூராத்தையும் பிரிச்சுட்டுத் திரும்பப் போடணும்" என்றார். கத்தரிக்கோலை எடுத்தார்.

அழகுசுந்தரம் பேப்பரை மடித்தார். "செவத்துல மாட்டுனா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா இருந்துட்டுப் போகட்டும். பிரிக்காத."

"என்ன பேசுறீக? மேல் வானம் ஒரு மாதிரி, கீழ் வானம் ஒரு மாதிரி, எப்படி மக வீட்டுக்குக் குடுக்கிறது? கம்மியா இருக்கிறதத்தானே பிரிக்க முடியும்? அது நாலு மாச வேலை. இது ஆறு வாரம்."

"நாகு, பிரிக்காதன்னு சொல்றேன்ல!"

பதினோரு வருடத்தில் அவர் பயணியிடம்கூட அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நாகஜோதி கத்தரிக்கோலோடு திரும்பிப் பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன்.

அழகுசுந்தரத்தின் குரல் இறங்கிவிட்டது. "முப்பத்திரெண்டு வருசத்துல நான் உங்கூட உக்காந்தது அந்த ஆறு வாரம்தான். நீ அதக் கம்மின்னு சொல்ற. எனக்கு இருக்கிறதே அதுதான். அதயும் நீ பிரிச்சுப் போட்டுட்டா..." அதற்குமேல் முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. நானும் இருக்கிறேன் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

நாகஜோதி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சட்டத்தை வெயிலிலிருந்து எடுத்து ஸ்டூல்களுக்கு நடுவில் வைத்தார். ஊசியில் நீல நூல் கோத்தார். துணியின் ஓரத்தில், படம் வராத இடத்தில், இடது கை மேலே, வலது கை கீழே வைத்து வேகமாகப் பத்துப் பன்னிரண்டு தையல் போட்டார். நூலை வெட்டிவிட்டுக் குனிந்து, வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இங்குட்டு வந்து பாருங்க" என்றார் புருஷனிடம். "இப்ப ரெண்டு கையாலயும் போட்டாலும் இந்தச் சாய்வுதான் வருது. கை இப்படியே பழகிருச்சு. இனிமே எனக்கு இப்படித்தான் வரும்."

அழகுசுந்தரம் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரியவில்லை.

நாகஜோதி சட்டத்தைச் சுற்றித் திருப்பினார். வானத்தின் மேல் ஓரம் அவர் பக்கம் வந்தது, சித்திரையில் முதல் தையல் போட்ட இடம். கத்தரிக்கோல் நுனியை அங்கே உள்ளே விட்டு, நறுக்கென்று வெட்டினார்.

"ஏய், அது பழசு!" என்று பதறினார் அழகுசுந்தரம். "நாலு மாச வேலை நாகு. தைக்குள்ள எப்படி முடிப்ப?"

"முடியாட்டி மாசியில மாட்டட்டும். அவ செவரு எங்குட்டும் ஓடிறாது" என்றார். அடுத்த வரிசையையும் வெட்டினார். "நின்னுக்கிட்டே இருக்காதீக. உக்காந்து கீழ இருந்து நூல உருவுங்க."

அவர் தரையில் உட்கார்ந்து கையைக் கீழே விட்டார். நீல நூல் துண்டு துண்டாக அவர் வேட்டியில் விழுந்தது.

"மனசு வருதா உனக்கு?" என்றார் கீழிருந்து.

"போனாப் போகுது" என்றார் நாகஜோதி. "நான் ஒத்தையில போட்டதுதானே."