கும்பகோணத்திலிருந்து வந்த அட்டை

பசையும் முத்திரை மையும் கலந்த ஒரு வாசனை வலங்கைமான் தபால் நிலையத்துக்குள் எப்போதும் இருக்கும். நான் எட்டாம் வகுப்புக்குப் போன வருஷத்திலிருந்து, மாதம் பிறந்த முதல் வாரத்தில் ஒரு நாள், அத்தா, எங்கள் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், தன் தையல் கடையைத் திறப்பதற்கு முன்பாக என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அங்கே போவார். சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து என் கையில் கொடுத்து, நானே கவுண்டரில் கட்ட வேண்டும் என்பார். அந்த மாதச் சேமிப்புக்கு எங்கள் வீட்டில் "ஆர்டி கட்டுறது" என்று பெயர். ஐந்து வருஷம் கட்டினால் மொத்தமாகக் கிடைக்கும், அது சரியாக நான் பிளஸ் டூ முடிக்கும்போது முதிரும் என்பதைப் பார்த்துத்தான் அவர் அந்த வருஷத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

அத்தா ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவர். ஆனாலும் கால்சட்டை தைக்கக் கொடுக்க வரும் வாத்தியார்களிடம் அளவெடுத்தபடியே கேட்டுக் கேட்டு, என் படிப்புக்கு ஒரு முழுத் திட்டம் வைத்திருந்தார். கும்பகோணத்தில் அரசுக் கல்லூரியில் மூன்று வருஷம் கணிதம், பிறகு பி.எட்., பிறகு டீச்சர் வேலை. பக்கத்து ஊர்தான், ஹாஸ்டல் வேண்டாம், பஸ் போதும். துபாயில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, லீவில் வரும்போதெல்லாம் அந்தப் பணத்தில் பெண்ணுக்கு நகை வாங்கிப் போடச் சொல்வார். "நகை அப்பறம் பாத்துக்கலாம் மச்சான். படிக்கிறதுக்குத்தான் வயசு இருக்கு" என்று சொல்லிவிட்டு அத்தா கையிலிருக்கும் சட்டைக்குக் காஜா எடுக்கத் தொடங்கிவிடுவார்.

அந்த வருஷங்களில்தான் எங்கள் பக்கத்தில் எல்லாமே வேகமாக மாறிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் ரெடிமேட் சட்டைகள் தொங்க ஆரம்பித்து, பெருநாளுக்கும் தீபாவளிக்கும் மட்டும் அத்தாவுக்கு வேலை நெருக்கியது. வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மாடிவீடுகளுக்குப் பச்சையும் ரோஸுமாகப் பெயிண்ட் அடித்தார்கள். தஞ்சாவூர் சாலையில், அதுவரை குறுவை விளைந்துகொண்டிருந்த வயலில், ஒரு பொறியியல் கல்லூரி முளைத்தது. கம்ப்யூட்டர் படித்தால் அமெரிக்கா போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் வகுப்புத் தோழி சுபாவுக்கு அங்கே பிளஸ் டூ முடிவு வரும் முன்பே இடம் பேசி முடித்துவிட்டார் அவள் அப்பா. அவர் உரக்கடை முதலாளி. எங்கள் தெருவுக்கே வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகப்போகும் மஞ்சள் பஸ்ஸைப் பற்றி அவள் பேசப் பேச, கும்பகோணம் டவுன்பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டிய நான் எனக்கே அற்பமாகத் தெரிந்தேன்.

மதிப்பெண் நன்றாகவே வந்திருந்தது. அத்தா அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கிவந்து, வாத்தியார் ஒருவரை வைத்துப் பூர்த்தி செய்து அனுப்பினார். நேர்காணலுக்கு அட்டை வரும், அந்தத் தேதியில் போகாவிட்டால் இடம் போய்விடும் என்று அவர் சொல்லியிருந்தார்.

அட்டை ஒரு புதன்கிழமை வந்தது. அம்மா பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்ததால் தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். "காலேஜுலேர்ந்து வந்திருக்கு பாப்பா, அத்தாகிட்ட குடுத்துடு" என்றார். நான் தலையாட்டினேன். அதைப் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் அட்டைக்குள் இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள், புதுத்தண்ணீர் வந்திருந்த வாய்க்காலில் கொண்டுபோய் விட்டேன். அது ஓடவில்லை. மதகடியில் ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொண்டு, என் பெயர் எழுதிய பக்கம் மேலே தெரிய நின்றது. ஒரு குச்சியை ஒடித்து அதை உள்ளே தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அத்தா தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவுடன் கேட்பார்: "கார்டு வந்துச்சாம்மா?" வரவில்லை என்பேன். முதல் நாள் அடுப்படிக்குள் நின்றபடி சொன்னேன். நாலாம் நாளுக்குப் பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னேன். இப்போது எண்ணிப் பார்க்கும்போது, அட்டையை வாய்க்காலில் விட்டதைவிட அந்த ரசம் ஊற்றிய கைதான் எனக்கு அதிகம் கூசுகிறது.

பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கடையைப் பூட்டிக்கொண்டு அத்தாவே கும்பகோணம் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, அட்மிஷன் முடிந்துவிட்டதாம் என்று மட்டும் சொன்னார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "வேற எதுல சேரணும், நீயே சொல்லு" என்றார். காத்திருந்தவள்போல, சுபா சேரும் பொறியியல் கல்லூரியைச் சொன்னேன். நம்மால் முடியுமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து வருஷம் கட்டிய பணம் முதல் வருஷத்துக்கே போதவில்லை. அம்மாவின் வளையல் சேர்ந்துதான் கட்ட முடிந்தது. மீதி மூன்று வருஷத்துக்கு வழி தேடி மாமா ஒரு விசா அனுப்பினார். துபாயில் யூனிபார்ம் தைக்கும் கடை. அத்தாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது; திருச்சியைத் தாண்டிப் போனதில்லை. டிக்கெட்டுக்காக இரண்டு தையல் மெஷினையும் விற்றார். விற்பதற்கு முன்னால் கடைசியாக அதில் தைத்தது எனக்கு இரண்டு சுடிதார். மற்ற பெண்கள் ரெடிமேட் போட்டு வந்ததால் அவற்றை நான் கல்லூரிக்கு ஒருநாளும் உடுத்தவில்லை.

நான்கு வருஷம் என்று போனவர் ஏழு வருஷம் இருந்தார். நான் அரியர் வைத்துத் தேறினேன், சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அத்தா திரும்பி வந்தபோது கண் மங்கியிருந்தது, ஊசியில் நூல் கோக்க அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா உள்ளே போனதும் அவர் எதிரில் உட்கார்ந்து, அட்டை வந்ததையும் அதை நான் என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார்.

அன்று கும்பகோணத்தில், அட்டை அனுப்பியாகிவிட்டது என்று குமாஸ்தா பதிவேட்டைக் காட்டியிருக்கிறார். ஊருக்குத் திரும்பியவர் வீட்டுக்கு வராமல் நேரே தபால்காரரைப் போய்ப் பார்த்திருக்கிறார். உங்கள் மகள் கையில்தான் கொடுத்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"அப்ப ஏன் அத்தா என்னைக் கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். எதுக்குன்னு விட்டுட்டேன்." நூலைப் பல்லால் கடித்துவிட்டுத் தொடர்ந்தார்: "அஞ்சு வருஷமா காசு சேத்தேன். உனக்கு என்ன படிக்கப் புடிக்கும்னு ஒருநாள் கேக்கல. அது என் தப்புதானே?"

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். துபாயில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு அவர் ஏழு வருஷமும் தன் தப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்றால், என் தப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்போது அந்தத் தையல் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. கல்லூரிகள் அட்டை அனுப்புவதில்லை. எல்லாம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது, மறைக்க ஒன்றுமில்லை. பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். அத்தா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

போன மாதம் நான் படித்த பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், பிளஸ் டூ பிள்ளைகளிடம் மேற்படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு. கல்விக் கடன், உதவித்தொகை என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுவே, என்னைப் படிக்க வைப்பதற்காகவே தையல் மெஷினை விற்று வெளிநாடு போன ஒரு தையற்காரரைப் பற்றியும் சொன்னேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்: "உங்க அத்தா முன்னாடியே கொஞ்சங் கொஞ்சமா சேத்து வச்சிருந்தா வெளிநாடு போயிருக்க வேணாமே, ஏன் மேடம் சேக்கல?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. எதிரே ஹெட்மிஸ்ட்ரஸ் இருந்தார், கையில் மைக் இருந்தது.

"அந்தக் காலத்துல அவங்களுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாதும்மா" என்றேன்.

அந்தப் பெண் தலையசைத்துவிட்டு, அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.