குடுமியான்மலையிலிருந்து புதுக்கோட்டைக்கு: இரண்டு டின்களைத் தூக்கிப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

பேரப்பிள்ளைகளை அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போக எந்த நேரம் தோது என்று போன பதிவின் கீழே இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் அப்படிப்பட்ட ஓர் இடத்துக்கு நான் முதன்முதலில் போன கதையை எழுதிவிடுகிறேன். 1962, மாசி மாதம். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பொருட்காட்சி. எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம் என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். போகிற இடமெல்லாம் ‘தொடாதே’ என்று பலகை பார்த்த எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

அப்போது குடுமியான்மலையில் புளியும் கடலையும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். தலைச்சுமையாக விற்றுக் கடை வைத்தவன். மூட்டையைத் தூக்கினால் எடை சொல்லிவிடுவேன் என்று சுற்றுவட்டாரத்தில் பேர். அந்தக் கர்வத்தில் முந்தின பங்குனியில் ஒரு காரியம் செய்தேன். என் மனைவி மீனாட்சியின் தம்பி ராமையா, திருவரங்குளத்திலிருந்து இருபது கிலோ புளி கொண்டுவந்தார். வழக்கமான சாக்கில் இறுக்கிக் கட்டாமல், பெரிய ஓலைப்பெட்டியில் தளர்வாகப் போட்டிருந்தார். தூக்கிப் பார்த்தேன்.

“இருபது இருக்காது மாப்ளே. வழியில பாதிய தின்னுட்டியா?” என்றேன். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள்.

“தராசுல வைங்க மச்சான்.”

“என் கைக்கு மேல ஒரு தராசா?”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர், பதினோரு மாதம் எங்கள் பக்கம் வரவில்லை.

இதற்கிடையில் மகள் வள்ளிக்கு ஏழு வயதாகி, வருகிற பங்குனியில் காது குத்த நாளும் பார்த்துவிட்டோம். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? “நீங்க போயி ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?” என்று மீனாட்சி கேட்பாள். “கொறைச்சுக் கொண்டாந்தவன்ல வரணும்” என்பேன். அவள் எழுந்து போய்விடுவாள்.

சரி, பயணம். காலை ஏழரை மணி பஸ். பன்னிரண்டு மைல் சொச்சம், ஆளுக்கு அறுபது நயா பைசா, வள்ளிக்கு அரை டிக்கெட். அன்னவாசலில் டிரைவர் டீ குடிக்கப் பத்து நிமிஷம் நிறுத்தினார்.

“குடும்பத்தோட எங்கிட்டு? கல்யாணமா?” என்றார் கண்டக்டர்.

“பொருட்காட்சிக்கு.”

“அங்க புளி வெலைக்கு வாராதேண்ணே!” என்றார். பஸ்ஸே சிரித்தது.

ஒன்பதுக்குள் இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு, ஆளுக்குப் பத்து பைசா கொடுத்து உள்ளே போனோம். கைப்பிடியைச் சுற்றினால் பல்ப் எரிகிற மிஷின் ஒன்று. வள்ளி அதை விடவே இல்லை. மீனாட்சி இரண்டடி தள்ளியே நின்றாள். “நான் மாட்டேன், ஷாக் அடிச்சா ஆரு சோறாக்குறது?”

அடுத்த மேஜையில்தான் அந்த இரண்டு டின்கள். ஒன்று பிஸ்கட் டின் அளவு, இன்னொன்று உள்ளங்கைக்குள் அடங்குவது.

“எது கனம், தூக்கிச் சொல்லுங்கய்யா” என்றார் மேஜையருகே நின்ற கல்லூரி மாணவர்.

நமக்கா தெரியாது? இரண்டையும் தூக்கினேன். “சின்னது. கால் கிலோவாவது கூட இருக்கும்” என்றேன், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

அவர் தராசில் வைத்தார். முள் நடுவில் நின்றது. வியாபாரி இல்லையா, தராசில்தான் கோளாறு என்று டின்களைத் தட்டு மாற்றி வைத்தேன். முள் அசையவில்லை. “எல்லாருக்கும் அப்படித்தாங்கய்யா. பெருசா இருந்தா கனமா இருக்கும்னு மனசு எதிர்பார்க்கும். அது இல்லேன்னதும் லேசாத் தெரியும்” என்றார்.

பின்னாலிருந்து மீனாட்சி மெதுவாகச் சொன்னாள்: “என் தம்பி கொண்டாந்ததும் பெரிய பெட்டிங்க.”

அதற்கப்புறம் எதைப் பார்த்தோம் என்று எனக்கு நினைவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்குப் போகாமல், ஒன்றரை மணிக்கு ஆலங்குடி பஸ் ஏறினோம். திருவரங்குளம் ஆறு மைல், முப்பது பைசா.

ராமையா வாசலில் புளி உலர்த்திக்கொண்டிருந்தார். “வாக்கா. வா ஆத்தா” என்று மனைவியையும் மகளையும் அழைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

“மாப்ளே, என் கை பொய் சொல்லிருச்சு.”

“கை எங்க சொன்னுச்சு? வாய்ல சொன்னீங்க. நாலு பேர் முன்னாடி.”

“தப்புதான். அந்த நாலு பேரையும் காதுகுத்துக்குக் கூப்புடுறேன். அவுங்க முன்னாடியே சொல்றேன்.”

ராமையா புளியைக் கிளறினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, வள்ளியை இழுத்து மடியில் உட்காரவைத்தார். “இப்புடித்தான் அசையாம ஒக்காரணும், தெரியுதா?” என்றார். மீனாட்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இனி நீங்கள் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் கூட்டம், எதையும் கைவைத்துப் பார்க்க முடியாது. சாப்பாட்டை முடித்துக்கொண்டு போங்கள். பிள்ளைகள் ஒரே மிஷினைப் பத்துத் தடவை சுற்றினால் விடுங்கள். அந்த டின்கள் இருந்தால், அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்குமுன் தூக்குங்கள்.

போன மாதம் பேத்தியோடு போன இடத்திலும் அப்படி இரண்டு இருந்தன. எல்லாம் தெரிந்தும் தூக்கினேன். சின்னதுதான் இன்னமும் கனக்கிறது. வாயை மட்டும் திறக்கவில்லை.