மேல்மாடியில் நான்கு வாரம்

சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆலோசகரின் அறை. வாரம் ஒருமுறை, மொத்தம் நான்கு முறை வந்தால் போதும் என்று போனிலேயே சொல்லியிருந்தார். முதல் வாரம் நானும் என் மனைவியும் அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னோம். ஒரே பைக்கில் திரும்பினோம். வழியில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டிலும் ஆறு மாதமாக அப்படித்தான். ஐந்தாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனதிலிருந்து.

இரண்டாவது வாரம் ஆலோசகர் ஒரு நிபந்தனை போட்டார். ஒருவர் பேச வேண்டும். மற்றவர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் பேசக் கூடாது.

அவள் மேசையைப் பார்த்தபடி தொடங்கினாள்.

“ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாளே இவரு ஆபீஸ் கெளம்பிட்டாரு. எனக்குப் பால் கட்டிக்கிட்டு வலி உயிர் போகுது. கதவ சாத்திட்டுப் போயிட்டாரு.”

“இல்ல மேடம், அன்னைக்கு என்னன்னா...”

“சார், அவங்க சொன்னத மட்டும் சொல்லுங்க.”

“மறுநாளே நான் கெளம்பிட்டேன். அவளுக்கு...” அந்த வலியைப் பற்றி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறேன்.

பிறகு என் முறை.

“அன்னைக்கு நான் ஆபீஸ் போகல. செம்பாக்கம் ஏரிக்கரைல வண்டிய நிறுத்திட்டு சாயங்காலம் வரைக்கும் அழுதுக்கிட்டு இருந்தேன். உன் முன்னாடி அழுதா நீ ஒடஞ்சு போயிடுவியோன்னு பயம்.”

இதைக் கேட்டு இளகுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் முகம் சிவந்தது.

“அழறதுக்குக்கூட என்னை விட்டுட்டுத்தான் போனீங்களா? நான் யார்கிட்ட அழுதேன் தெரியுமா? சிலிண்டர் போட வந்த அண்ணாகிட்ட!”

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் கீழே ஓடி வருவதற்குள் தாம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அங்கிருந்து குன்றத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள், என் போனை எடுக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் தனியாகத்தான் போனேன். அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

“கோவம் இன்னும் போகல,” என்றாள். என் பக்கம் திரும்பினாள். “நீங்க ஃபார்ம்ல கையெழுத்துப் போடப் போயிருந்தப்போ நர்ஸ் குழந்தைய எனக்கு மட்டும் காமிச்சாங்க. பொண்ணு. உங்கள மாதிரியே நெத்தி.”

அவளும் நானும் அழுதோம். அன்று அவள் என் பைக்கிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தாள். நான்காவது வாரம் இருவரும் வீட்டிலிருந்து சேர்ந்தே கிளம்பினோம். போகும் வழியிலேயே எதற்கோ சண்டை வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, சத்தமாகவே போட்டோம்.