பத்தொன்பது இடது கால்கள்

பயந்தவன் கதையைப் பயந்தவனே சொன்னால்தான் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும். என் மனைவியின் தம்பி ஊருக்குள் சொல்லித் திரிகிற கதையில், நான் தண்ணீர்க் குழாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கடற்கரை வீதி வரை ஓடியதாக வருகிறது. பச்சைப் பொய். குழாய் காலில்தான் சுற்றியது. வீதி வரை ஓடவும் இல்லை, கேற்றடியிலேயே விழுந்துவிட்டேன்.

வீட்டு முற்றங்களுக்குக் கொங்கிறீட் போட்டு, அது இறுகுவதற்குள் மலைக்கல் பதித்த தரை போல ஆக்கிவிடுவது என் தொழில். கத்தாரில் இருந்த காலத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். வரும்போது சாமான்களையும் கொண்டுவந்தேன்: ஓரம் வழிக்கிற வளைந்த கரண்டி, சின்ன உளிகள், கம்பித் தூரிகைகள், ஏழு றப்பர் அச்சுகள். அச்சு என்பது ஒரு முழத்துக்கு மேல் அகலமான கறுப்பு றப்பர் தகடு. அதன் அடிப்பக்கத்தில் கல்லின் மேடெல்லாம் பள்ளமாகவும் பள்ளமெல்லாம் மேடாகவும் இருக்கும். கொங்கிறீட் பாதி இறுகியதும், ஒட்டாமலிருக்க ஒரு கருஞ்சாம்பல் தூளைத் தூவி, அச்சுகளைப் பரப்பி, மேலே ஏறி நின்று இடிகட்டையால் குத்தினால் கல்லின் தோல் அப்படியே இறங்கும். ஒரே வடிவம் திரும்ப வருவதை யாரும் கண்டுபிடிக்காதிருக்க, ஒவ்வொரு தடவையும் அச்சைத் திசை மாற்றி வைக்க வேண்டும். பிறகு என் உயிரை எடுத்தது இந்தத் திசை மாற்றல்தான்.

ஏழில் ஒன்றைப் போன மாரியில் எலி கடித்துவிட்டது. ஊரில் கிடைக்கிற சாமான் இல்லை. நானே ஒன்று வார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கல்முனைக்குடிக் கடற்கரையில், கடல் உள்ளே வந்துபோன பிறகு யாரும் வீடு கட்டாத பக்கத்தில், பழைய வீடுகளின் தரைகள் மட்டும் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கின்றன. அதில் ஒன்று என் மூத்த சகோதரி, ராத்தாவின் வீடு. உப்புக்காற்று தின்று தின்று அந்தச் சீமெந்துத் தரைக்கு எந்த மலையிலும் இல்லாத ஒரு தோல் வந்திருந்தது. ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுப் போய், தும்புத்தடியால் ஒரு மூலையைக் கூட்டி, சட்டம் வைத்து, றப்பர்க் கரைசலை ஊற்றிவிட்டு வந்தேன். மறுநாள் உரித்தெடுத்தேன். மூக்குக்கண்ணாடி போடவில்லை. போட்டால் வயது தெரிகிறது என்று ஓர் எண்ணம். அங்கே என்னைப் பார்க்க இருந்ததோ நண்டுகள் மட்டும்.

புது அச்சை முதன்முதல் இறக்கியது கடற்கரைப் பக்கம் எழும்பிய ஒரு புது வீட்டின் முற்றத்தில். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளை அங்கு வந்துதான் குடியிருப்பார். மணப்பெண்ணின் உம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். கணவர் மௌத்தான பிறகு தனியாளாய் அந்த வீட்டைக் கல் கல்லாக ஏற்றியவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிக்காஹ். திங்கட்கிழமை நாங்கள் கொங்கிறீட் கொட்டும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, முந்தி வந்த சம்பந்தம் வாசல்ல என்னமோ சகுனம் கண்டண்டு திரும்பிப் போச்சு. புள்ள மூணு மாசம் அறைய உட்டு வெளிய வரல்ல. இன்னொருக்கா அப்பிடி நடந்தா அவ தாங்க மாட்டா."

"மாமி, என்ட முத்தத்துல ஈகூட வழுக்காது" என்றேன். அளவாகப் பேசிப் பழக்கமில்லை.

அன்று மாலை அச்சுகளைக் குத்தி முடித்து, தூள் மூடிய முற்றத்தை அப்படியே விட்டு, கேற்றைப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை காலை கழுவப் போனோம். என்னோடு வேலைக்கு வருகிற மைத்துனன் பின்பக்கத்தில் மோட்டரைப் போடப் போனான். நான் குழாயோடு முற்றத்தில். நல்ல வெயில். வீட்டில் ஆளில்லை. கண்ணாடி போடாத யன்னல்களை மூடியிருந்த பொலித்தீன் கடற்காற்றுக்கு உப்பி, அடங்கி, உப்பி, வீடு மூச்சு விடுவது போலிருந்தது.

தண்ணீர் பட்டுத் தூள் கரைய, கல் தெரிந்தது. பிறகு ஒரு விரல் தெரிந்தது. பிறகு ஐந்து விரல்.

ஒரு பிள்ளையின் இடது கால். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. குழாயைத் திருப்பினேன். ஆறேழு அடி தள்ளி இன்னொன்று, மதிலைப் பார்த்தபடி. அதற்கப்பால் இன்னொன்று, வீட்டைப் பார்த்து. அதுவும் இடது. தண்ணீர் போன இடமெல்லாம் அது ஓடியிருந்தது. இல்லை, ஒற்றைக் காலால் கெந்தியிருந்தது. வலது கால் எங்கும் இல்லை.

பக்கத்துவீட்டுப் பிள்ளை மதிலேறி வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். ஆனால் இன்னும் கழுவாத பக்கத்தில் தூள் திங்கட்கிழமை விட்டபடி கிடந்தது. அதன்மேல் ஒரு கோழி நடந்த அடையாளம்கூட இல்லை. கால்கள் தூளுக்குக் கீழே இருந்தன.

பேய் பிசாசு அண்டாமலிருக்க ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓத ஆரம்பித்தேன். நடுவில் எங்கோ திரும்பி, சாப்பாட்டுக்கு ஓதுகிற துஆவில் போய் முடிந்தது. அதன் பிறகுதான் அந்த ஓட்டமும் விழுகையும்.

"என்ன மச்சான், பாம்பா?" என்று கேட்டுக்கொண்டு மைத்துனன் ஓடி வந்தான்.

"கால்!"

"ஒங்கட காலுக்கு என்ன?"

"என்ட இல்லடா! அங்க பாரு!"

அவன் பார்த்தான். முகம் கொஞ்சம் வெளுத்தது. ஆனாலும் குழாயை எடுத்து மிச்சத்தையும் கழுவி, ஒவ்வொன்றாக எண்ணவும் செய்தான்.

"பத்தொம்பது. எல்லாம் எடக்கால். மத்தக் கால் எங்க மச்சான்?"

"நீ போய்த் தேடு. நான் கேற்றுக்கு வெளிய நிக்கன்."

ஆனால் நிற்க முடியவில்லை. இதை மாப்பிள்ளை வீட்டார் கண்டால் மாமியின் பிள்ளை மறுபடி அறைக்குள் போய்விடும். மாமி வருவதற்குள் மூடிவிடுவது என்று தீர்மானித்தோம். லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். கேற்றுக்குக் கிட்ட, வெளியே பார்த்தபடி இருந்த காலை முதலில் எடுத்தேன். உளியால் பள்ளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நிறம் கலந்த சாந்தை நிரப்பினேன். மேலே கல்லின் தோல் வர வேண்டுமே. புது அச்சில் ஒரு மூலையைக் கத்தியால் வெட்டி, தூள் தடவி, சாந்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். கொஞ்சம் பொறுத்து மெல்ல உரித்தேன்.

குதிக்கால் வந்தது. பாதத்தின் வளைவு வந்தது. விரல்கள் வந்தன. நட்ட நடுப்பகலில், என் கைக்குக் கீழே, அதே இடத்தில் அதே கால். முதலில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது இப்போது திரும்பி என்னைப் பார்த்து நின்றது.

நான் போட்ட சத்தத்தைப் பற்றி மைத்துனன் சொல்வது மட்டும் உண்மை. ஆட்டைப் போலத்தான் இருந்ததாம்.

கையிலிருந்து விழுந்த றப்பர்த் துண்டை அவன் எடுத்துத் திருப்பினான். விரலால் தடவினான்.

"மச்சான், கண்ணாடியப் போடுங்க."

போட்டேன். றப்பரில் ஒரு சின்னக் கால் மேடாக இருந்தது. அச்சு விழுந்த இடமெல்லாம் அந்தக் காலும் விழுந்திருக்கிறது. நான் திருப்பிய பக்கமெல்லாம் அதுவும் திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. மைத்துனன் சிரிக்கவில்லை. றப்பரையும், வெறுங்காலோடு நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுட சின்ன வெரல் பக்கத்து வெரலுக்கு மேல ஏறி இரிக்கி. ஒங்கடயும் அப்பிடித்தானே?"

ராத்தாவுக்கு வாப்பா வீடு கட்டியபோது எனக்கு ஏழு வயது. ஈரத் தரையில் யார் மிதித்தது என்று வாப்பா கேட்டார். பூனை என்றேன். ஐந்து விரல் பூனைக்கு விழ வேண்டிய அடி எனக்கு விழுந்தது. வாப்பா கண்ணில் அது மறுபடி படக்கூடாதென்று ராத்தா அன்றைக்கே அந்த மூலையில் ஒரு பன்பாயை விரித்தா. பிறகு அதை எடுக்கவே இல்லை. நான் அதில் உட்கார்ந்து எத்தனையோ வருடம் சோறு தின்றிருக்கிறேன். கீழே என் கால் இருந்ததையே மறந்துபோனேன். கடல் வந்த காலையில் சுவர் போயிற்று, பாய் போயிற்று, ராத்தாவும் போனா. அந்த வீட்டில் மிஞ்சியது அந்தக் கால்தான். அதையும் கண்ணாடி போடாமல் உரித்துக்கொண்டு வந்து, அதற்கே ஓதி, அதைக் கண்டே ஓடியிருக்கிறேன்.

மைத்துனன் ஒரு மணித்தியாலம் பகிடி விடவில்லை. அது அவனுக்கு நோன்பு பிடித்தது மாதிரி.

மாமி வந்தபோது மறைக்க நேரமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களுக்கு நடுவில் மெதுவாக நடந்து பார்த்தார்.

"இதுல உள்ளுக்கு வாறது எத்தின, வெளிய போறது எத்தின?"

மைத்துனனிடம் கணக்கு இருந்தது. "கேற்றப் பாக்கிறதும் மதிலப் பாக்கிறதும் பதினொண்டு மாமி. ஊட்டப் பாக்கிறது எட்டு."

"போறதெல்லாத்தையும் மூடு தம்பி. வாறதுகள உடு."

"மாப்புள ஊட்டாரு கேட்டா?" என்றேன்.

"வாசலால ஒரு புள்ள உள்ளுக்கு ஓடி வருது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணுமாம் அவங்களுக்கு?"

அன்றும் மறுநாளும் முழங்காலில் இருந்து பதினொன்றையும் மூடினேன். எலி கடித்த பழைய அச்சின் நல்ல பக்கத்தால். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தர் குனிந்து பார்த்து, "இதென்ன இது?" என்றார். "கத்தார் டிசைன்" என்று மாமி கண் இமைக்காமல் சொன்னார். மாப்பிள்ளை முதல் காலுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்து உள்ளே போனார். யன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதில் மணப்பெண்ணின் சிரிப்பும் இருந்ததாக மாமி பிறகு சொன்னார்.

அந்த அச்சை எறிய மனம் வரவில்லை. வெட்டிய துண்டையும் சேர்த்து, கொட்டிலில், முகம் கீழாக வைத்திருக்கிறேன். மேலே ஒரு பன்பாய். மத்தியானக் காற்றுக்குப் பாயின் ஓரம் சில நேரம் எழும்பும், எப்போதும் கதவுப் பக்கத்து ஓரம்தான். நான் போய் அமர்த்திவிட்டு வருவேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.