மாப்பிள்ளை விட்ட மூச்சு

என் கடைக்குப் பக்கத்தில் சக்கரம் கழற்றிய வேன் ஒன்று நிற்கிறது. வாகனப் புகையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற நிலையம் அது. அதற்குள்தான் எங்கள் புகையண்ணன் இத்தனை காலம் பிழைத்தார். நான் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவன். சான்றிதழுக்குக் காத்திருப்பவர்கள் சும்மா நிற்க முடியாமல் என் கடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அவர் பிழைப்போடு என் பிழைப்பும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பாசமும் நிறைய வயிற்றெரிச்சலும் இருக்கும்.

சட்டப்படி, வந்த வண்டியின் புகைக்குழாய்க்குள் கம்பியை விட வேண்டும். இயந்திரம் புகையை உறிஞ்சி அளக்கும். அண்ணனிடம் அந்தக் கம்பி எந்த வண்டிக்குள்ளும் போனதில்லை. வேனுக்குப் பின்னால் ஒரு பழைய ஸ்கூட்டர் நிற்கும், கம்பி நிரந்தரமாக அதன் குழாயில்தான் இருக்கும். வந்த வண்டி முன்னால் நின்று நம்பர் பலகையைக் கேமராவுக்குக் காட்டும். அதற்காக மூச்சு விடுவது ஸ்கூட்டர். லாரிக்கும் அதே மூச்சு, பஸ்ஸுக்கும் அதே மூச்சு. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் ஊதலாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"மெஷினுக்குக் கண்ணா இருக்கு? நீ போய் உன் தையலப் பாரு" என்றார்.

அந்த ஸ்கூட்டருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அண்ணி. காலையில் துடைத்து விடுவது, வேளைக்கு ஆயில், மழை தூறினால் தார்ப்பாய் என்று அப்படி ஒரு கவனிப்பு. ஒரு நாளும் வெளியே வேலைக்குப் போனது கிடையாது. ரோட்டில் ஓடினால் என்ஜின் கெட்டுவிடும், புகை மாறிவிடும் என்று அண்ணன் அதை இறக்கவே மாட்டார். "எனக்கு என்னைக்காவது இந்த உபசாரம் நடந்திருக்கா?" என்று அண்ணி சிரிப்பார். அண்ணனும் சிரிப்பார். ஊர் முழுக்க வண்டிகள் கரும்புகை கக்கிக்கொண்டு போயின. எல்லா வண்டியின் கண்ணாடியிலும் அண்ணன் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர் பளபளத்தது. நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

அண்ணி துணி ஆலையில் காலர் தைக்கிறவர். ஆலை ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் இருக்கிறது. முன்பு டவுன் பஸ் போனது, நஷ்டம் என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு பேட்டரி பஸ்கள் வந்தன. ரிப்பன் வெட்டி, கை தட்டி, பெரிய அலுவலகங்கள் இருக்கும் அகலமான சாலையில் அவற்றைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார்கள். ஆலைப் பக்கம் ரோடு மோசமாம், பேட்டரிக்கு ஆகாதாம். அங்கே போகிற பெண்களின் நெஞ்சுக்கு மட்டும் எல்லாம் ஆகும் போலிருக்கிறது. கடைசியில் அவர்களுக்கு வாய்த்தது ஆலைக்காரர்கள் ஒப்பந்தத்துக்கு எடுத்த ஒரு டீசல் கிழம். அதன் கடைசி வரிசைக்கு அடியில் தகரம் அரித்து ஓட்டை. என்ஜின் உறுமினால் புகை உள்ளேதான் வரும். பெண்கள் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அண்ணி ஏறுவது கடைசி நிறுத்தத்தில். கடைசி வரிசையைத் தவிர வேறு இடம் இருக்காது.

முதலில் இருமல். பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. பிறகு படியேறாமலே வாங்கியது. டாக்டர் மருந்து உறிஞ்சும் குழாய் ஒன்றைக் கொடுத்து, "புகையில்லாத இடத்துல இருங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். எங்கே இருக்கிறது அந்த இடம் என்று அவரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வேனுக்குள் அண்ணி பேசியது என் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"மாப்பிள்ளையில என்னைக் கொண்டுபோய் விடலாம்ல?"

"அது போயிட்டா இங்க சோதனை எப்படி நடக்கும்?"

"அந்த பஸ்ஸுக்கு பாஸ் போட்டது யாரு?"

அண்ணன் மேசை இழுப்பறையைத் தள்ளிச் சாத்துகிற சத்தம் கேட்டது. அண்ணி விடவில்லை.

"நீங்க ஒட்டின ஸ்டிக்கரைப் பாத்துக்கிட்டேதாங்க தினமும் ஏறுறேன்."

மனுஷன் மறுநாளே பஸ் முதலாளியைப் பார்க்கப் போனார். ஓட்டையை அடைத்து என்ஜினைச் சரிசெய்யச் சொன்னார். முதலாளி தோளில் கை போட்டு, "உங்க வாயாலயே இதைச் சொல்றீங்களே" என்று சிரித்து அனுப்பிவிட்டார். அந்தச் சிரிப்புதான் அண்ணனைக் குத்தியது. அடுத்த சோதனைக்கு பஸ் வந்து நின்றபோது அண்ணன் கம்பியை மாப்பிள்ளையிடமிருந்து உருவினார். நேராகக் கொண்டுபோய் பஸ்ஸின் குழாயில் செருகி, டிரைவரை ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொன்னார். என் கடையில் தொங்கிய வெள்ளைக் கவரெல்லாம் சாம்பல் நிறமாயின. பஸ் ஃபெயில். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையால் மட்டும் இல்லை.

ஒரு தப்பு நடந்துவிட்டது. அந்தத் தொழிலில் இருக்கிற எவரும் கரும்புகை வண்டியைச் சோதித்தால் உடனே இயந்திரத்தின் குழாயையும் வடிகட்டியையும் கழற்றிச் சுத்தம் செய்வார். அண்ணனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மாப்பிள்ளையின் சுத்தமான மூச்சை மட்டுமே குடித்து வளர்ந்த இயந்திரம், ஒரே ஒரு நிஜப் புகையில் தொண்டை அடைத்துப்போய்க் கிடந்தது. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

முதலாளி சும்மா இருப்பாரா? மறுநாள் காலையிலேயே புகார் கொடுத்து அதிகாரியையே கூட்டிக்கொண்டு வந்தார். "போன தடவை வரைக்கும் இவரேதான் சார் பாஸ் போட்டார். பஸ் கெட்டுச்சா, மெஷின் கெட்டுச்சா?" அதிகாரி யோசித்துவிட்டு, நல்ல நிலையில் உள்ள வண்டி ஏதாவது இருந்தால் சோதித்துக் காட்டச் சொன்னார். அண்ணன் பெருமையாகத் தார்ப்பாயை விலக்கினார்.

மாப்பிள்ளை ஃபெயில்.

"சார், பஸ்ஸோட கரி உள்ள அடைச்சிருக்கு" என்றார் அண்ணன்.

"இத்தனை வருஷமா எத்தனை லாரி, எத்தனை பஸ் பாத்திருக்கீங்க. அப்பல்லாம் அடைக்காத கரி இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொன்னால் ஜெயில். அண்ணன் தார்ப்பாயை எடுத்து மாப்பிள்ளையை மறுபடி மூடினார். அதிகாரிக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். வேன் கதவில் அரக்கு முத்திரை விழுந்தது. பஸ்ஸுக்குச் சான்றிதழை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். பொய்யாகப் பாஸ் போட்ட காலமெல்லாம் அந்த மனுஷனை எவனும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உண்மையாக ஒரு ஃபெயில் போட்டதற்கு முகத்தில் கரி பூசி உட்கார வைத்துவிட்டார்கள்.

பிறகு அண்ணியின் சம்பளம்தான் குடும்பம். மூச்சு வாங்கினாலும் ஆலைக்குப் போகத்தான் வேண்டும், ஆலைக்குப் போக அந்த பஸ்ஸில் ஏறத்தான் வேண்டும். மருந்துக்காக அண்ணன் மாப்பிள்ளையைத் தரகரிடம் விற்றார். நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது என்று தரகர் சொன்னாராம். அதன் பிறகு அண்ணன் என் கடைக்கு வந்து எனக்கு ஸ்பாஞ்சு வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். கோணல்மாணலாக வெட்டுவார். அவர் போன பிறகு நான் ஓரத்தைச் சரிசெய்துகொள்வேன்.

போன வாரம் அண்ணி ஆலையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து மருந்துக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"வர்ற வழியில பஸ்ஸ நிறுத்திட்டாங்க. பாலத்துக்குக் கீழ இருக்கிற நிலையத்துல புகை சோதனை. எங்களை இறங்கக்கூட விடல."

அண்ணன் ஸ்பாஞ்சு வெட்டிக்கொண்டே இருந்தார்.

"ஜன்னல் வழியாப் பாத்தேன். நம்ம மாப்பிள்ளை நின்னுச்சு. நல்லாத்தான் வெச்சிருக்காங்க, புதுத் தார்ப்பாய் எல்லாம் போட்டு. கம்பி அதுலதான் சொருகியிருந்துச்சு."

கத்தரி நின்றது. அண்ணன் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"பாஸா?"

"நீங்க வளத்ததாச்சே. ஆகாம இருக்குமா?" என்று சொல்லி அண்ணி சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.