இரண்டு என்று சொல்லிப் பழகியவர்

முதலில் என் கண்ணில் பட்டது காரின் கதவு. வேலையால் வந்து இறங்கிய என் கணவர் கதவை மூடவில்லை. அதன் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எதையோ மறந்துவிட்டு யோசிப்பவரைப் போல நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. ஆனால் எனக்கு எதுவுமே சாதாரணமாகப் படுவதில்லை. அதனால்தான் என் சொல்லை ஆரும் எடுப்பதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு ஜேர்மனிக்கு வந்தேன். இப்போது கொலோனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. பால் பொங்கினாலும் எனக்குப் பயம், பொங்காவிட்டாலும் பயம் என்று, இதே ஊரில் இருக்கும் என் அக்கா சொல்லுவா. வைத்தியம் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. செயற்கை மூட்டில் கிருமி பிடித்துக் கிடந்த ஒருவரின் மனைவி என்பது மட்டும்தான் தகுதி. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் கிடந்தால், இதில் ஏதாவது உதவக்கூடும்.

என் கணவர் டெக்லன் அயர்லாந்துக்காரர், தச்சு வேலை செய்பவர். ஜேர்மன் மொழிக்குள் என் தமிழும் அவருடைய ஆங்கிலமும் கலந்ததுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஐம்பது வயதாக முன்பே அவருடைய வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் நல்லாகத்தான் இருந்தது.

குடும்ப வைத்தியரிடம் போனோம். வழக்கமான கேள்வியை அவர் கேட்டார்: பூச்சியத்திலிருந்து பத்து வரை, நோவு எத்தனை? பூச்சியம் என்றால் நோவே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது.

"இரண்டு" என்றார் டெக்லன்.

"டொக்டர், இவர் சப்பாத்துப் போடேக்க மூச்சை அடக்கிக்கொண்டு போடுறார்" என்றேன்.

வைத்தியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சாதாரணத் தடிமன் சளிக்கு, நுரையீரல் பழுதாகிவிட்டது என்று அவர் முன்னால் போய் நின்றவள் நான். நோவு மாத்திரை எழுதித் தந்தார். அவரில் பிழை சொல்லமாட்டேன். இரண்டு என்று ஒருவர் நிமிர்ந்து இருந்து சொன்னால் யாரும் அதைத்தான் எழுதுவார்கள்.

சில கிழமைகள் கழித்து, வீட்டுப் படியில் பாதி ஏறியவர் அப்படியே இருந்துவிட்டார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியின் நீண்ட வெள்ளை வழியில் சக்கரக் கட்டிலில் படுத்திருந்தவரிடம் தாதி குனிந்து அதே கேள்வியைக் கேட்டா.

"இரண்டு."

"ஒன்பது" என்றேன் நான்.

தாதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா.

இவர் ஏன் இப்படி என்று விளங்க, இவர் முன்பு யார் என்று சொல்லவேண்டும். ஹர்லிங் என்று அயர்லாந்தில் ஒரு விளையாட்டு. அடிப்பக்கம் அகன்ற மரத்தடியால், தோல் போர்த்த சிறிய பந்தை அடிப்பார்கள். பந்து ஆளின் தலைக்கு மேலால் பறக்கும், தடிகளும் அப்படியே. அக்கா ஒருமுறை தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுச் சொன்னா: "கிரிக்கெட்டும் இல்லை, ஹொக்கியும் இல்லை. வெறும் சண்டைதான், நடுவில ஒரு பந்தும் கிடக்குது."

டெக்லன் தன் மாவட்ட அணிக்குப் பத்து வருடத்துக்கு மேல் விளையாடியவர். பின்வரிசையின் நடுவில் நின்று காப்பவர். அந்த நாட்டில் இந்த விளையாட்டுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் தச்சு வேலை, பின்னேரத்தில் சேற்றுக்குள் பயிற்சி. நான் கலியாணம் கட்டும்போது இதெல்லாம் எனக்கு வெறும் கதை. முதல்முறை அவருடைய ஊருக்குப் போனபோது, பெற்றோல் அடித்த இடத்தில் ஒரு வயதானவர் இவரைக் கண்டு தொப்பியைக் கழற்றினார். தேநீர்க் கடையில் சுவர் நிறைய இவருடைய படம். கடைக்காரப் பெண் என் கையைப் பிடித்து, "இவர் எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டா. எனக்குத் தெரியாது. கொலோனில் இவர் தகரப் பெட்டியில் சாப்பாடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் ஒருவர்.

அவருடைய விளையாட்டுக் காலம் எனக்கு அவருடைய உடம்பு வழியாகத்தான் தெரியும். புருவத்தில் ஒரு தழும்பு. முன்பல் இரண்டு கட்டினவை. வலது கை மோதிர விரல் நேராக நீளாது. எதைக் கேட்டாலும் "அது ஒரு ஆட்டத்தில" என்பார். அவ்வளவுதான் பதில்.

மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இருந்தது. ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டொக்டர் ஒரு பெண், அளவாகப் பேசுபவ. கிருமி உலோகத்தின் மேல் ஒரு படலம் கட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும், மருந்து அதற்குள் போகாது, அதனால் மூட்டையே கழற்றவேண்டும் என்றா. கழற்றிய இடத்தில் ஸ்பேசர் (கிருமிகொல்லி மருந்து கலந்த சீமெந்தால் செய்த தற்காலிகத் துண்டு) வைப்பார்கள். பல கிழமைகள் மருந்து ஏற்றி, கிருமி போனபிறகுதான் புது மூட்டு.

"போகாட்டி?" என்று கேட்டேன்.

"போகாவிட்டால் புது மூட்டு வைக்க ஏலாது. மூட்டு இல்லாமலே விடவேண்டி வரும். கால் கட்டையாகும். வாழ்நாள் முழுக்க ஊன்றுகோல்."

டெக்லன் தலையை ஆட்டினார், அடுத்த ஆட்டம் எந்த மைதானத்தில் என்று கேட்டுக்கொண்டவரைப் போல.

முதல் ஓப்பரேசன் முடிந்தது. ஒவ்வொரு வேலைமுறை மாறும்போதும் வரும் தாதி நோவு எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவா. எப்போதும் இரண்டு. ஒருநாள் டொக்டர் கட்டில் ஓரத்தில் வந்து இருந்தா.

"இவர் இரண்டு எண்டுறார், நீங்கள் ஒன்பது எண்டுறீங்கள். நான் கூட்டிப் பாதியாக்கிறதோ?" என்று கேட்டா. பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னா: "இது பரீட்சை இல்லை. குறையச் சொன்னால் கூடுதல் புள்ளி கிடையாது. உள்ளுக்குள்ள திரும்பவும் ஏதும் சேர்ந்தால் முதல்ல ஏறுறது நோவுதான். மாத்திரையும் மருந்தும் காய்ச்சலை மறைச்சுப்போடும். நீங்கள் எப்பவும் இரண்டு எண்டால் எனக்கு ஒண்டும் தெரியாது."

"விளங்குது" என்றார் டெக்லன்.

அன்று பின்னேரம் தாதி கேட்டா. "இரண்டு."

அக்கா பார்லிக் கஞ்சியோடு வந்து விசயத்தைக் கேட்டா. "இஞ்ச பாருங்கோ தம்பி, எங்கட வீட்டில தலையிடிச்சால் கனடா வரைக்கும் ரெலிபோன் போகும். உங்கட காலைக் கழட்டி வைச்சிருக்கிறாங்கள், நீங்கள் ஒண்டுமில்லை எண்டுறீங்கள். உங்களையும் இவளையும் ஒரு சட்டியில போட்டுக் கலக்கினால்தான் ஒரு ஒழுங்கான மனிசர் வருவினம்."

டெக்லன் சிரித்தார். சிரிக்கும்போது அவருடைய கை கட்டில் கம்பியை இறுக்கியதைக் கண்டேன். நான் கண்டேன் என்பதால் என்ன பயன்? நான் எப்போதும் எதையாவது காண்கிறவள்.

அடுத்த கிழமை அவருடைய அண்ணன் மார்ட்டின் அயர்லாந்திலிருந்து வந்தார். அவரும் அதே அணியில் விளையாடியவர். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"களத்தில விழுந்தால் ரெண்டு நிமிசம் படுக்கமாட்டாய். இஞ்ச ரெண்டு கிழமையாய்ப் படுத்திருக்கிறாய்" என்றுதான் உள்ளே வந்தார். என்னைப் பார்த்து, "அம்மா சொல்லுவா, இவன் பிறக்கேக்கயும் அழேல்லையாம்" என்றார்.

ஒரு இறுதியாட்டத்தின் கதையைச் சொன்னார். எதிரணிக்காரனின் தடி விழுந்து இவருடைய இரண்டு விரல்கள் உடைந்தன. தடியோடு சேர்த்து விரலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கடைசி வரை நின்றார். ஒரு புள்ளியால் வென்றார்கள்.

"ஏன் வெளியால வரேல்லை?" என்று கேட்டேன்.

"நோகுது எண்டு முகத்தில காட்டக்கூடாது" என்றார் மார்ட்டின். "காட்டினால் எதிராளி திரும்பவும் அதே இடத்திலதான் போடுவான். சின்ன வயசிலேயே பழக்கிப்போடுவாங்கள். விழுந்தால் எழும்பு, தடவாதை, ஒருத்தரையும் பாராதை. கடைசி மூண்டு வருசமும் இந்த இடுப்பில விறைப்பூசி போட்டுக்கொண்டுதான் களத்தில இறங்கினவன். எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அவன்ர இடத்துக்கு அஞ்சு பேர் பாத்துக்கொண்டு நிண்டவங்கள்."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். என் மனுசன் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டு என்பது அவருக்கு எண்ணே இல்லை. எழும்பி நிற்பதற்கு அவர் வைத்திருந்த சொல் அது. இந்த அறையில் எதிரணி யாரும் இல்லை என்று அவருடைய உடம்புக்கு ஆரும் சொல்லவில்லை.

நான் ஒன்பது என்று கத்துவதை விட்டேன். மெதுவாகக் கேட்டேன்: "அந்த மூண்டு வருசமும், ஊசியின்ர விறைப்பு இறங்கினாப் பிறகு, வீட்டை போற வழியில, அது எத்தினை?"

டெக்லன் கூரையைப் பார்த்தார்.

"எட்டு" என்றார் டெக்லன். பிறகு, "சில நாள் ஒன்பது. காரை ஓரமாய் நிப்பாட்டிப்போட்டு இருந்திருக்கிறன்."

மார்ட்டின் கதிரையில் முன்னுக்குச் சரிந்தார். "எனக்கு நீ சொல்லேல்லையே."

"நீ கேக்கேல்லையே."

வெளியே சாப்பாட்டு வண்டி உருளும் சத்தம் கேட்டது. நான் அவருடைய வளைந்த விரலைப் பிடித்துக்கொண்டு, "இப்ப?" என்று கேட்டேன்.

அவர் கண்ணை மூடினார். உள்ளே போய்த் தேடிப் பார்ப்பதுபோல் இருந்தது. "ஆறு. நேற்று நாலு. காலமையிலிருந்து ஏறுது."

நான் மணியை அழுத்தினேன்.

டொக்டர் வந்தா. காய்ச்சல் இல்லை, காயம் வெளியால் காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் அந்த எண்ணை அவ விடவில்லை. ஸ்கான் கருவியை வைத்துப் பார்த்தா. ஸ்பேசரைச் சுற்றி இரத்தமும் நீரும் தேங்கியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் கிருமி அதற்குள் வளர்ந்திருக்கும் என்றா. அன்றே திறந்து கழுவினார்கள்.

மார்ட்டினும் நானும் வெளியே, சுவரோரம் போட்டிருந்த நீண்ட வாங்கில் இருந்தோம். அந்தப் பெரிய மனிதர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "இது எனக்கும் கனகாலமாய் நோகுது" என்றார். நான் எத்தனை என்று கேட்டேன். அவர் சொன்னார்.

அதன் பிறகும் எல்லாம் நேராகப் போய்விடவில்லை. கிருமிகொல்லி மருந்தால் சத்தி (வாந்தி), நாக்கு முழுக்க வெள்ளை, எதைச் சமைத்தாலும் இரும்பு மணக்குது என்று தள்ளிவிடுவார். அழற்சி அளவு (உடம்புக்குள் கிருமியோ புண்ணோ இருந்தால் இரத்தத்தில் ஏறுவது) இறங்கும், ஒரு சோதனையில் திரும்ப ஏறும். சோதனை முடிவு வரும் நாட்களில் நான் வேலையிடத்தில் உப்பை இரண்டு முறை போட்டேன். கடைசியில் அது இறங்கி, இறங்கின இடத்திலேயே நின்றது. புது மூட்டு வைத்தார்கள்.

மீள்பயிற்சி நிலையத்தில் நடக்கப் பழக்கிய பெடியனுக்கு, அழுத்திப் பிடித்தாலும் பேசாமல் இருக்கும் டெக்லனைப் பார்க்க முதலில் சந்தோசம். நான்தான் சொன்னேன்: "தம்பி, இவர் பேசாமல் இருந்தால் நிப்பாட்டிப்போட்டுக் கேளுங்கோ."

உங்கள் வீட்டிலும் நோவைச் சொல்லாத ஒருவர் இருக்கலாம். இராணுவத்தில் இருந்தவராக, சாக்கு மூட்டை தூக்கினவராக, பிள்ளைகளை வளர்த்த தாயாகக்கூட இருக்கலாம். இப்போது நோகிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். முன்பு நொந்ததைக் கேட்டுப் பாருங்கள். பழைய நோவை ஒப்புக்கொள்வதில் அவர்களுக்குத் தோல்வி இல்லை. அந்த வழியால் வந்தால் இன்றைய நோவுக்கும் வந்துசேரலாம். டொக்டருக்கு முன்னால் மறுத்துக் கதைப்பது மரியாதை இல்லை என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். எங்களைப்போல ஒரேயடியாகப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் பயத்தைச் சொல்லாமல், கண்டதைச் சொல்லவேண்டும். மூச்சை அடக்கினார், கம்பியை இறுக்கினார், இவ்வளவுதான்.

டெக்லன் இனித் தடி பிடித்து ஓடமாட்டார். டொக்டர் அதைச் சொன்ன அன்று அவர் நீண்ட நேரம் கைகழுவும் அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். நான் கதவைத் தட்டவில்லை. சனிக்கிழமைகளில் இங்குள்ள அயர்லாந்துக்காரர் விளையாடும் புல்வெளிக்குப் போய்க் கோட்டுக்கு வெளியே நிற்பார். அவர்கள் விழுந்து எழும்பும்போது, "எங்க பட்டது?" என்று கேட்கிறாராம். அவர்களுக்கு அது புதினமாக இருக்கிறதாம்.

முன்பு தெருவில் அவர் எப்போதும் எனக்கு இரண்டடி முன்னால் போவார். நான் அரை ஓட்டத்தில் பின்னால் போவேன். இப்போது என் நடைதான் வேகம். திரும்பிப் பார்த்து நிற்கிறேன். நிற்கிற நேரத்தில் எங்கள் தெருவைப் பார்க்கிறேன். தெரு திரும்பும் அந்த முடக்கில் ஒரு அத்திமரம் நிற்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

நேற்று றைன் ஆற்றங்கரையால் வந்தோம். டிராம் வருவது தெரிந்தது. பழைய நான் என்றால் கையைக் காட்டிக்கொண்டு ஓடியிருப்பேன், அது போய்விட்டால் நாளே கெட்டுவிட்டது என்று புலம்பியிருப்பேன். அவர் தன் காலைக் கேட்டு நடப்பவரைப்போல ஒவ்வொரு அடியாக வந்துகொண்டிருந்தார். டிராம் கதவைத் திறந்தது, மூடியது, போனது. நாங்கள் வாங்கில் இருந்தோம். இன்னொன்று வரும் என்று நம்பி இருப்பதற்கு, இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன்.